பூவலுக்குள் ஒரு பீப் சத்தம்

விடியக்காலம் ஐந்தரை. மட்டக்களப்பு வாகரையில் ஒரு மோட்டார் சைக்கிளின் பின்னால் ரெஜிபோம் பெட்டியைக் கயிறு போட்டு இறுக்குகிறார்கள். உள்ளே ஐஸ், போத்தல்கள், பேனை போல ஒரு சின்னக் கருவி, சுருட்டிய நாடா. தண்ணீர் அளக்கிறவர்களோடு ஒரு நாள் சுற்றலாம் என்றதும் எனக்கு இரவெல்லாம் நித்திரை இல்லை!

முதலில் கதிரவெளிக் கரை. கூட வந்த தம்பி சட்டைப் பைக்குள்ளிருந்து காந்தம் ஒன்றை எடுத்துக் கரிய மணல் வரிக்குள் புரட்டித் தூக்கினார். அடடா, காந்தத்துக்குத் தாடி முளைத்துவிட்டது! இதுதான் இல்மனைட். இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்த மணி. பெயின்டுக்கு வெள்ளை நிறம் கிடைப்பது இந்தக் கறுப்பிலிருந்துதான். சாதாரண மணலைவிட ஒன்றே முக்கால் மடங்கு பாரம் என்பதால், அலை இலேசானதை இழுத்துக்கொண்டு போக இது பின்தங்கி வரிவரியாகப் படிகிறது. வடக்கே புல்மோட்டையில் இதை அகழ 1957இலேயே அரச கூட்டுத்தாபனம் வந்துவிட்டது. இங்கும் அகழ வருகிறார்கள் என்றதும் ஊர் வீதிக்கு இறங்கியது.

ஏன் இறங்கியது என்பது பூவலுக்குள் எட்டிப் பார்த்தபோதுதான் விளங்கியது. பூவல் என்றால் மணலில் கையால் தோண்டிய சிறு ஊற்றுக்குழி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் நல்ல தண்ணி! நாடாவை மெல்ல இறக்கினார்கள். நுனி நீரைத் தொட்டதும் ‘பீப்’. அந்த ஆழம் கொப்பியில் ஏறியது.

மழைநீர் மணலுக்குள் இறங்கி, பாரமான உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணி ஓர் அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு அது உப்பை அமுக்கி வைத்திருக்கும். கைபென், ஹெர்ஸ்பெர்க் என்ற இரண்டு ஐரோப்பியர் நூறு வருசத்துக்கு முன்பே போட்ட கணக்கு இது. மணல் மேட்டைச் சுரண்டி மேலே நல்ல தண்ணி ஓர் அடி குறைந்தால் கீழே போவது 40 அடி! இல்மனைட் தண்ணீரில் இலேசில் கரையாது. எனக்குப் பயம் அதிலில்லை. மணல்தான் இங்கே தண்ணீர்த் தாங்கி. 2004 சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்புக் கரையில் கிணறுகளை அவசரமாக இறைத்த இடங்களில் அடியிலிருந்து உப்புச் சவர் ஏறியது. கழுவிக் கொடுத்தது மாரி மழைதான்.

அதனால்தான் ஒரு கிடங்கும் வெட்டமுதல் அளக்க வேண்டும். இன்றைய கணக்கு கையில் இல்லாமல், நாளைக்குத் தண்ணி கெட்டது என்று யாரிடம் போய் நிரூபிப்பது?

போத்தல் பிடிக்கும் வேலைக்கு அவ்வளவு பக்குவம்! உப்பு, இரும்பு பார்க்கிற போத்தலை அதே தண்ணீரால் மூன்று தரம் அலசி, காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்புவார்கள். கிருமி பார்க்கிற போத்தலை அலசவே கூடாது. மேலே கொஞ்சம் இடமும் விட வேண்டும். அது உடனே ஐஸுக்குள். 24 மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடம் போய்ச் சேர வேண்டும்.

பனிச்சங்கேணியில் ஓர் அம்மா எங்களை விடவில்லை. வலைக்குச் சாயம் ஏற்றும் பனிச்சையும் தண்ணீர் நிற்கும் கேணியும் சேர்ந்த பெயரல்லவா அந்த ஊருக்கு!

“இஞ்ச வா மனே, நம்மட பூவலையும் பாரன்.”

அங்குள்ள மூன்று பூவல்களின் தண்ணீரையும் ஒவ்வொரு மிடறு வாயில் விட்டுத் துப்பினார். “இது நல்லது. இது பரவாயில்ல. இது கச்சான் காத்துக்குள்ள சவர் பிடிக்கும்.” பிறகுதான் பேனைக் கருவியைத் தோய்த்தார்கள். உப்பு கூடக் கூட மின்சாரம் நன்றாகப் பாயும், எண் ஏறும். கடல்நீருக்கு 50,000 வரை ஓடுகிற கருவி அது. முதலாவதில் மூன்று இலக்கத்தில் நின்றது. இரண்டாவதில் கொஞ்சம் ஏறியது. மூன்றாவதில் நாலு இலக்கம். அம்மா சொன்ன அதே வரிசை! நான் கைதட்டியே விட்டேன்.

தம்பி கொப்பியில் ஒரு புதுக்கோடு கிழித்தார். எந்த மாதம் சவர் ஏறும், எந்த மழைக்கு இனிக்கும் என்று அம்மா விரல் மடித்துச் சொல்லச் சொல்ல எழுதினார்.

“மாரிக்கு வரக்குள்ள இந்தக் கொப்பியையும் கொண்டு வா மனே. மறந்திராத.”