நூறு பவுணுக்கு ஒரு கணினி

கணினி என்பது ஒரு பெரிய மண்டபத்தையே அடைத்துக்கொண்டு நிற்கும் யந்திரம். அதனை வாங்குவதற்கு அரசாங்கத்துக்கும் சர்வகலாசாலைக்கும் பெரிய வங்கிகளுக்குமே இயலும் என்று மக்கள் எண்ணியிருந்த காலம் ஒன்றுண்டு. 1970ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் மேசைமேல் வைக்கக்கூடிய கணினிகள் வந்துவிட்டன. ஆயினும் அவற்றின் விலை பல நூறு பவுண். அத்தகைய வேளையில், 1980ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்து ஒரு புதிய கணினி விற்பனைக்கு வந்தது. பூட்டி முடித்த யந்திரம் 99 பவுண் 95 பென்ஸ். பாகங்களாக வாங்கி வீட்டில் தாமே பூட்டிக்கொள்வோருக்கு 79 பவுண் 95 பென்ஸ்! பணத்தைத் தபாலில் அனுப்பினால் யந்திரமும் தபாலிலேயே வீடு தேடி வரும். ‘இசட் எக்ஸ் 80’ என்பது அதன் பெயர். அதனைச் செய்து விற்றவர் கிளைவ் சின்கிளேயர்.

சின்கிளேயர் 1940ஆம் ஆண்டிற் பிறந்தவர். சர்வகலாசாலையின் வாயிலை மிதித்தவரல்லர். பதினேழாவது வயதிற் பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டு, றேடியோ பற்றிய சஞ்சிகை ஒன்றில் எழுதப் புகுந்தார். 1961இல் சொந்தக் கம்பனி தொடங்கிச் சிறிய றேடியோக்களின் பாகங்களைத் தபால் மூலம் விற்றார். 1972இல் சட்டைப் பையில் அடங்கும் மெல்லிய கணக்கிடும் கருவி ஒன்றைச் செய்து உலகை வியக்க வைத்தார். 1975இல் அவர் வெளியிட்ட ‘பிளாக் வாட்ச்’ என்னும் கைக்கடிகாரமோ அவருக்குப் பெருந் தலையிடியாயிற்று. நைலோன் உடுப்பில் எழும் சிறு மின்சாரமே அதன் உள்ளுறுப்பைக் கெடுக்கப் போதுமானதாயிருந்தது. பற்றரியும் நெடுநாள் உழைக்கவில்லை. திருப்பியனுப்பப்பட்ட கடிகாரங்கள் குவிந்தன. அரசாங்க நிறுவனம் ஒன்று பணம் கொடுத்துக் கம்பனியைத் தாங்கியது. 1979இல் சின்கிளேயர் அதனை விட்டு வெளியேறினார். வாசகர்கள் இக்கடிகாரத்தைச் சற்று நினைவில் வைத்துக்கொள்வது நன்று.

எதனை நீக்கலாம்?

மற்றவர்கள் பல நூறு பவுணுக்கு விற்றதை இவர் நூறு பவுணுக்குள் விற்றது எவ்வாறு? ஒவ்வொரு பாகத்தையும் கையிலெடுத்து, ‘இஃது இல்லாமல் முடியாதா?’ என்று கேட்டதுதான் அவருடைய வழி. கணினிக்குத் திரை வேண்டும். வீட்டிலே தொலைக்காட்சிப் பெட்டி இருக்கிறதே, அதனோடு தொடுத்துக்கொள்ளட்டும். எழுதியவற்றைச் சேமிக்க இடம் வேண்டும். பாட்டுக் கேட்கும் கசெட் யந்திரம் எதற்காக இருக்கிறது? எழுத்துகளை அழுத்தத் தனித்தனி விசைகள் வேண்டுமா? தட்டையான தகட்டில் எழுத்துகளை அச்சிட்டுவிட்டாற் போதும்.

இவற்றிலும் துணிகரமானது வேறொன்று. மற்றைய கணினிகளில் திரையில் எழுத்தைக் காட்டுவதற்கென்று தனி மின்சுற்று இருந்தது. இசட் எக்ஸ் 80இல் கணக்குப் போடும் ‘மூளை’யே அவ்வேலையையும் செய்தது. ஒரே ஆள் சமைக்கவும் வேண்டும், பந்தியிற் பரிமாறவும் வேண்டும் என்றால் என்ன நடக்கும்? அடுப்படிக்குப் போகும்போது பந்தி காத்திருக்கும். அவ்வாறே, கணினி கணக்கிடத் தொடங்கியதும் திரை வெறுமையாகிவிடும். விசையொன்றை அழுத்தினாலும் படம் ஒரு கணம் துள்ளும். அதன் ஞாபகசக்தியோ ஒரு கிலோபைட். ஆங்கிலத்தில் எழுதிய ஒரு சிறு கடிதத்தோடு நிரம்பிவிடும்.

அடுத்த ஆண்டு வந்த ‘இசட் எக்ஸ் 81’ இக்கலையின் சிகரம் எனலாம். முன்னதில் இருந்த 21 சிப்புகள் இதில் நான்காகக் குறைந்தன. பல சிப்புகளின் வேலையை ஒன்றிலே திணித்து, பெரன்டி என்னும் கம்பனியிடம் செய்வித்ததால் வந்த சிக்கனம் அது. விலை 69 பவுண் 95 பென்ஸ். தபாலில் மட்டுமன்றி, புத்தகமும் கடதாசியும் விற்கும் டபிள்யூ. எச். ஸ்மித் கடைகளிலும் கிடைத்தது. ஸ்கொட்லாந்தின் டண்டீ நகரில், கைக்கடிகாரம் செய்யும் டைமெக்ஸ் கம்பனியின் தொழிற்சாலையில் அது பூட்டப்பட்டது. அங்கு வேலை செய்தோரிற் பெரும்பாலோர் பெண்கள். பதினைந்து இலட்சம் யந்திரங்கள் விற்பனையாகின.

ஞாபகசக்தி போதாதவர்கள் பின்புறத்தில் செருகும் 16 கிலோபைட் பெட்டியைத் தனியாக வாங்கினார்கள். அப்பெட்டி சற்றே ஆடும். ஆடினால், மூன்று மணி நேரமாக ஒரு பையன் தட்டியெழுதிய அத்தனையும் ஒரு நொடியில் மறைந்துபோம்! பசைக்களியால் ஒட்டிவைத்துப் பார்த்தவர்கள் உண்டு. ஆயினும் அவர்கள் அதனை மன்னித்தார்கள். எழுபது பவுணுக்கு இதற்குமேல் எதிர்பார்க்கலாகாது என்று அவர்களுக்குத் தெரியும்; குறையைத் திருத்துவதே ஒரு கல்வி என்று எண்ணிய கூட்டம் அது. என்னுடைய அபிப்பிராயம், சின்கிளேயர் தம் வாடிக்கையாளரை இங்கேதான் பிழையாகப் புரிந்துகொண்டார் என்பது. மன்னித்தவர்கள் மாணவர்கள், அவரோ உலகம் முழுவதும் மன்னிக்கும் என்று எண்ணிவிட்டார்.

1982 ஏப்ரலில் ‘ஸ்பெக்ட்ரம்’ வந்தது. வர்ணமும் ஒலியும் கொண்ட கணினி. விலை 125 பவுண் முதல். றப்பர் விசைகள் தொட்டால் மென்மையாக இருக்கும். செய்தி பார்க்க விரும்பும் தந்தைக்கும், தொலைக்காட்சியைக் கணினியோடு தொடுத்துவிட்ட மகனுக்கும் மாலைதோறும் வழக்கு நடந்த வீடுகள் எத்தனையோ! ‘மனிக் மைனர்’ என்னும் புகழ்பெற்ற விளையாட்டை 1983இல் எழுதிய மத்தியூ ஸ்மித்துக்கு அப்போது வயது பதினேழு. ஸ்பெக்ட்ரம் வகைக் கணினிகள் ஐம்பது இலட்சத்துக்கு மேல் விற்பனையாகின. 1983இல் சின்கிளேயருக்கு ‘சேர்’ பட்டம் கிடைத்தது. அவ்வாண்டின் தொடக்கத்திற் கம்பனியின் பத்தில் ஒரு பங்கு விற்கப்பட்டபோது, முழுக் கம்பனியின் பெறுமதி 136 மில்லியன் பவுண் என்று கணக்காயிற்று.

வாக்கு முந்திற்று, யந்திரம் பிந்திற்று

1984 ஜனவரி 12ஆந் தேதி ‘கியூ.எல்.’ என்னும் புதிய கணினியைச் சின்கிளேயர் அறிமுகஞ் செய்தார். இது பிள்ளைகளின் விளையாட்டுக்கன்று, வியாபாரிகளின் கணக்குக்கு என்றார். விலை 399 பவுண். 28 நாட்களில் கிடைக்கும் என்பது வாக்குறுதி. உண்மை என்னவென்றால், யந்திரம் அப்போது முழுமைபெறவேயில்லை. பணம் அனுப்பியவர்கள் பெப்ரவரி போய், மார்ச் போய், ஏப்ரல் முடிவு வரை காத்திருந்தார்கள். முதலில் வந்த சில யந்திரங்களின் பின்புறத்தில் ஒரு துண்டு துருத்திக்கொண்டிருந்தது. கணினியை இயக்கும் கட்டளைகள் உள்ளே ஒதுக்கிய இடத்திற் கொள்ளாமையால் மிச்சத்தை வெளியே செருகி அனுப்பியிருந்தார்கள்!

நீக்கும் கலை இங்கும் தலைகாட்டிற்று. வியாபாரக் கணினிக்கு வேண்டிய வட்டுக் கருவி விலை கூடியதென்று, ‘மைக்ரோடிரைவ்’ என்னும் சிறு நாடாப் பெட்டிகளை வைத்தார்கள். ஏறக்குறைய 5 மீற்றர் நீளமுள்ள மெல்லிய நாடா அதனுள் ஓயாது சுழலும். தொலைந்தால் மீண்டும் எழுதிக்கொள்ளலாம் என்பது பையனுக்குச் சரி. கடைக்காரன் தன் கடன் கணக்கை அந்த நாடாவை நம்பி ஒப்படைப்பானா? பின்னாளில் ‘லினக்ஸ்’ தந்த பின்லாந்து நாட்டு லினஸ் டோர்வால்ட்ஸ் தம் இளமையில் கியூ.எல். வாங்கினார், அதற்கு வேண்டிய மென்பொருள் கிடைக்காததால் தாமே பலவற்றை எழுதிக்கொண்டார். அத்தகையோர் எத்தனை பேர்? கியூ.எல். விலை மறு ஆண்டே பாதியாகக் குறைக்கப்பட்டது.

இதற்கிடையிற் பங்கு விற்ற பணத்தைக் கொண்டு, தம் நெடுநாட் கனவாகிய மின்சார வாகனத்தை வேறொரு கம்பனி மூலம் செய்துகொண்டிருந்தார். 1985 ஜனவரி 10ஆந் தேதி, இலண்டனில் குளிர் கொட்டும் நாளிலே, ‘சீ 5’ என்னும் மூன்று சில்லு வண்டி வெளிவந்தது. மணிக்கு 15 மைல் வேகம், மேலே கூரையில்லை. அதில் அமர்ந்தவரின் தலை லொறிச் சில்லுகளின் உயரத்திலே இருந்தது. விலை, அதே 399 பவுண்! பத்திரிகைகள் சிரித்தன. அக்டோபருக்குள் அக்கம்பனி கடன்காரர் கையிற் போயிற்று.

1984 நத்தாருக்குப் பின் வீட்டுக் கணினிகள் கடைகளில் தேங்கிக் கிடந்தன. சின்கிளேயரின் பழைய கூட்டாளி கிறிஸ் கரி நிறுவிய ‘ஏகோர்ன்’ கம்பனியையும் இத்தாலியின் ஒலிவெட்டி வந்து காப்பாற்ற வேண்டியிருந்தது. சின்கிளேயருக்குக் கை கொடுப்பதாகப் பத்திரிகை முதலாளி ரொபர்ட் மக்ஸ்வெல் 1985 ஜூனில் முன்வந்தார், ஆகஸ்டிற் பின்வாங்கினார்.

ஈற்றில் வாங்கியவர் கிழக்கு இலண்டனில் வளர்ந்த வியாபாரி, ‘அம்ஸ்ராட்’ கம்பனியின் அலன் சுகர். இவரும் மலிவு விலைக்காரரே. ஆயினும் வழி வேறு. கணினியோடு திரையும் சேமிக்கும் கருவியும் சேர்த்து ஒரே தொகுதியாக, ஒரே மின்செருகியோடு கொடுத்தார். பழகிப்போன பழைய பாகங்களையே உள்ளே வைத்தார். 1985இல் அவர் விற்ற எழுத்துக் கணினியில் திரை, வட்டுக் கருவி, அச்சிடும் யந்திரம் யாவும் அடங்கின. அதன் விலையும், வரி நீங்கலாக, 399 பவுண்தான்! 1986 ஏப்ரல் 7ஆந் தேதி, சின்கிளேயர் என்ற பெயரும் அவருடைய கணினிகளின் உரிமையும் 5 மில்லியன் பவுணுக்குக் கைமாறின. 136 மில்லியனிலிருந்து அங்கு வந்து சேர மூன்றேகால் ஆண்டுகள் சென்றன.

சின்கிளேயர் அதன் பின்னரும் புதியன தேடிக்கொண்டேயிருந்தார். மடிக்கும் துவிச்சக்கர வண்டிகூடச் செய்தார். பிற்காலத்திற் கணினியைத் தாம் உபயோகிப்பதில்லை, மின்னஞ்சலிலும் பார்க்கத் தொலைபேசியே தமக்குப் பிடிக்கும் என்று சொன்னவர் அவர். 2021 செப்டெம்பரில், 81ஆவது வயதிற் காலமானார்.

ஸ்பெக்ட்ரத்தைப் பூட்டிய டண்டீப் பெண்களை மறந்துவிடலாகாது. அம்ஸ்ராட் அவ்வேலையைத் தாய்வானுக்குக் கொண்டுபோயிற்று. டைமெக்ஸ் தொழிற்சாலை 1993இல் கசப்பானதொரு வேலைநிறுத்தத்தின் பின் மூடப்பட்டது. அதற்குப் பல ஆண்டுகளின் முன்னரே, அங்கு வேலை இழந்தோரில் டேவிட் ஜோன்ஸ் என்ற இளைஞர் ஒருவர் இருந்தார். கையில் கிடைத்த இழப்பீட்டுப் பணத்தில் அவர் ஒரு கணினி வாங்கினார். நண்பர்களோடு சேர்ந்து அந்நகரிலேயே ஒரு விளையாட்டு மென்பொருள் கம்பனி தொடங்கினார். அவர்கள் உருவாக்கி 1991இல் வெளிவந்த ‘லெமிங்ஸ்’ உலகெங்கும் விற்பனையாயிற்று.