காஜாவில் ஒரு சிவப்பு நூல்

காஜா எடுக்கும் நூல் துணியின் நிறத்தோடு ஒட்டிப்போக வேண்டும், கண்ணில் படக் கூடாது என்பது தையல் கடைகளின் பழைய விதி. கருநீலத் துணிக்குக் கருநீல நூல், சாம்பலுக்குச் சாம்பல். இங்கிலாந்தின் உடை வடிவமைப்பாளர் பால் ஸ்மித் தைத்துத் தரும் கோட் ஒன்றின் கை நுனியைப் பாருங்கள். நான்கு பட்டன்கள் வரிசையாக நிற்கும். மூன்று காஜாக்கள் விதிப்படி கருநீலம். நான்காவது மட்டும் பளிச்சென்ற சிவப்பு. மற்றபடி அந்தக் கோட்டில் குறை சொல்ல ஒன்றும் இருக்காது. தோள் கச்சிதமாக உட்கார்ந்திருக்கும், காலர் கழுத்தை விட்டு விலகாது. பத்தடி தள்ளி நிற்பவருக்கு அது வழக்கமான ஒரு நல்ல கோட். பக்கத்தில் உட்கார்ந்து பேசுபவருக்குத்தான் அந்தச் சிவப்பு தட்டுப்படும்.

அரை நூற்றாண்டுக்கும் மேலாக இங்கிலாந்தின் ஆண்கள் உடையில் தனித்து நிற்கும் ஒருவரின் தொழில் முறை முழுக்க அந்தச் சின்னத் துளையில் இருக்கிறது என்றே நினைக்கிறேன். முதலில் வெட்டும் தையலும் பிசகில்லாமல் அமைய வேண்டும். விளையாட்டு அதற்குப் பிறகு, ஓரிடத்தில், அளவோடு. இந்த வரிசை மாறினால் கோட் வேஷமாகிவிடும். அவரைப் பார்த்துச் செய்தவர்கள் பலர் சறுக்கியதும் இங்கேதான். பூப்போட்ட லைனிங்கை எடுத்துக்கொண்டார்கள், தோளை விட்டுவிட்டார்கள்.

ஸ்மித் 1946-இல் நாட்டிங்ஹாம் நகரை ஒட்டிய பீஸ்டனில் பிறந்தவர். அப்பா ஹரால்டு துணி வியாபாரி. புகைப்படம் எடுப்பதில் தீராத ஆசை கொண்டவர், ஊரில் கேமரா சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர். மகனை ஒரு விரிப்பின் மேல் உட்கார வைத்துப் படமெடுத்து, அதை பிரைட்டன் அரண்மனையின் படத்தோடு சேர்த்து அச்சிட்டு, பையன் பறக்கும் கம்பளத்தில் அரண்மனைக்கு மேலே போவதாகக் காட்டியவர் அவர். கணினி இல்லாத காலம். இருட்டறையில், பொறுமையாக, கையால் செய்த வேலை. ஒரு சாதாரணத் துணி வியாபாரி தன் வீட்டிலேயே இப்படியொரு மாயம் செய்வதைப் பார்த்து வளர்ந்த பையனுக்கு, உலகத்தை இன்னொரு மாதிரியும் அடுக்கலாம் என்பதை யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பதினோரு வயதில் அப்பா அவருக்கு ஒரு கோடாக் ரெட்டினெட் கேமராவைக் கொடுத்தார். அந்தக் கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் துளை மிகச் சிறியது. பார்க்கக் கற்றுக்கொண்டது அதன் வழியாகத்தான் என்று ஸ்மித் பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஃபிலிம் சுருளில் படங்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. பொத்தானை அழுத்துமுன் எதை உள்ளே வைப்பது, எதை வெளியே விடுவது என்று தீர்மானிக்க வேண்டும். துணி வெட்டுகிறவருக்கு வேண்டிய பழக்கமும் இதுதான். கத்தரி போட்ட பிறகு திருப்பி ஒட்ட முடியாது.

ஆனால் அந்த வயதில் அவருக்குத் துணி மீது ஆசை இல்லை. சைக்கிள் பந்தய வீரராக வேண்டும் என்பதுதான் கனவு. பதினைந்து வயதில் பள்ளியை விட்டு, அப்பாவின் வற்புறுத்தலால் நாட்டிங்ஹாமில் ஒரு துணிக் கிடங்கில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். இரண்டொரு ஆண்டில் சைக்கிளில் போகும்போது பெரிய விபத்து. மாதக்கணக்கில் மருத்துவமனைப் படுக்கை. அங்கே கிடைத்த நண்பர்களைச் சந்திக்கப் போன மதுக்கடையில் ஓவியக் கல்லூரி மாணவர்களின் பழக்கம் ஏற்பட்டது. பௌஹாஸ், காண்டின்ஸ்கி, வார்ஹோல் என்ற பெயர்களெல்லாம் அவர் காதில் விழுந்தது அங்கேதான்.

அவர் வாழ்க்கையில் அடுத்து வந்தவர் பாலின் டெனியர். லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் ஆடை வடிவமைப்பு படித்தவர். ஒரு தோள் எப்படி உட்கார வேண்டும், கை எங்கே திரும்ப வேண்டும் என்பதை ஸ்மித் இவரிடமும் மாலை வகுப்புகளிலும் கற்றார். ஸ்மித்தைப் பற்றி எழுதுகிறவர்கள் வண்ணத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, பாலினை ஒரு வரியில் கடந்துபோவது நியாயமில்லை. வண்ணம் நிற்பதற்கு ஓர் உடம்பு வேண்டும். அந்த உடம்பைக் கட்டத் தெரிந்தவர் அவர். 2000-இல் ஸ்மித்துக்கு சர் பட்டம் கிடைத்த அன்றுதான் இருவரும் முறைப்படி மணம் செய்துகொண்டார்கள்.

முதல் கடை 1970-இல் நாட்டிங்ஹாமின் பைர்டு சந்தில் திறந்தது. மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர், ஜன்னல்கூட இல்லாத அறை. வெள்ளியும் சனியும் மட்டும் கடை. மற்ற நாட்களில் வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலைகள். 1976-இல் பாரிஸ் போனபோது தங்கியிருந்த ஓட்டல் அறைதான் காட்சிக்கூடம். கட்டில் மேல் சில சட்டைகளையும் கோட்டுகளையும் பரப்பி வைத்துக் காத்திருந்தார். திங்கள், செவ்வாய், புதன் என்று ஆள் வரவில்லை. வியாழக்கிழமை ஒருவர் வந்தார். தொழில் அங்கிருந்து வளர்ந்தது. 1979-இல் லண்டன் கோவன்ட் கார்டனில் கடை, 1984 முதல் ஜப்பான்.

அவர் பெயரைக் கேட்டதும் பலருக்கு நினைவுக்கு வருவது பல நிற வரிகள். அவை பிறக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். ஒரு நீள அட்டைத் துண்டு, வண்ண நூல் கண்டுகள். முதலில் ஒரு நிறத்தை நாலைந்து சுற்று. பக்கத்தில் இன்னொன்று, ஒரே சுற்று. அது ஒத்துவரவில்லையென்றால் அவிழ்த்துவிட்டு வேறு நிறம். பழுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் இளஞ்சிவப்பு மங்குகிறது, அதையே பச்சைக்குப் பக்கத்தில் நகர்த்தினால் துள்ளுகிறது. திரையில் நிறங்களை அடுக்குவதைவிட இது நிதானமான வேலை. ஆனால் நூலின் முறுக்கும் மினுக்கும் சேர்ந்தேதான் நிறம் என்பது அட்டையில்தான் தெரியும். பாவு ஓடும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்த வரிகளை அவர் ஒரு மினி காருக்கும் பூசினார்: 26 நிறங்களில் 86 வரிகள். எனக்கு அதைவிடப் பிடித்தது 1998-இல் வந்த இன்னொரு மினி. வெளியே அடக்கமான நீலம். டேஷ்போர்டு பெட்டியைத் திறந்தால் உள்ளே எலுமிச்சைப் பச்சை.

புகைப்படத்தையும் அவர் இப்படித்தான் துணிக்குள் கொண்டுவந்தார். போகும் இடமெல்லாம் கேமரா. சுவரில் உரிந்த சுண்ணாம்பு, சந்தையில் அடுக்கிய காய்கறி, கடைப் பலகை. இவை நிறச் சேர்க்கையாகவும், சில சமயம் அப்படியே அச்சாகவும் துணிக்கு வந்தன. சட்டை முழுக்கப் புகைப்படம் அச்சிட்ட உடைகள் எனக்கு அவ்வளவு ஒப்பவில்லை. பார்த்த மாத்திரத்தில் எல்லாம் சொல்லிவிடுகின்றன. அதே படம் ஒரு சாம்பல் நிறக் கோட்டின் லைனிங்கில் இருக்கும்போது கதை வேறு. கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டும் அந்த ஒரு நொடிக்கு மட்டும் அது வெளியே வருகிறது. போட்டிருப்பவருக்கோ நாள் முழுக்க அது தெரியும். வெள்ளைச் சட்டையின் கை மடிப்பின் உள்பக்கத்தில் பூத்துணி வைப்பதும் இந்த ரகம்தான். கையை மடித்துவிட்டால்தான் பூ.

இதைச் செய்ய லண்டன் விலை கொடுக்க வேண்டியதில்லை. அடுத்த முறை சட்டை தைக்கக் கொடுக்கும்போது, கடைசிக் காஜாவுக்கு வேறு நிற நூல் போடச் சொல்லுங்கள். காலர் பட்டையின் உள்பக்கத்துக்கு ஒரு துண்டு கட்டம் போட்ட துணி கொடுங்கள். தையல்காரர் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார், அவ்வளவுதான். எந்த நிறம் என்பதைத் தேர்ந்தெடுக்கத்தான் நேரமாகும். அதற்குக் கையில் இருக்கும் போன் போதும். ஒரு வாரத்துக்கு மனிதர்களை விட்டுவிட்டு, தெருவில் இரண்டு நிறங்கள் சந்திக்கும் இடங்களை மட்டும் படமெடுத்துப் பார்க்கலாம்.

2001-இல் ஸ்மித் வெளியிட்ட புத்தகத்தோடு ஒரு பூதக்கண்ணாடியும் சேர்ந்தே வந்தது. ஊக்கம் எதிலும் கிடைக்கும், கிடைக்காவிட்டால் மறுபடி பார் என்பதுதான் தலைப்பின் பொருள். லாஸ் ஏஞ்சலீஸில் 2005-இல் அவர் திறந்த கடையின் இளஞ்சிவப்புச் சுவர், மெக்சிகோவின் கட்டடக் கலைஞர் லூயிஸ் பராகானின் வண்ணங்களை மனத்தில் வைத்து எழுந்தது. கடைக்குள் கால் வைக்காதவர்கள்கூட அதன் முன் நின்று படமெடுக்கிறார்கள். சுவரை அடிக்கடி புதிதாகப் பூச வேண்டியிருக்கிறது.

2023-இல், பிக்காசோ மறைந்து ஐம்பது ஆண்டு நிறைந்தபோது, பாரிஸின் பிக்காசோ அருங்காட்சியகம் தன் சேகரிப்பை அடுக்கிக் காட்டும் பொறுப்பை ஸ்மித்திடம் கொடுத்தது. சுவர்களுக்கு வண்ணமும் வரியும் பூசினார். ஓவியங்களைப் பின்னுக்குத் தள்ளும் அலங்காரம் என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. 1942-இல் பிக்காசோ ஒரு பழைய சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் சேர்த்து மாட்டுத் தலை ஒன்று செய்தார். வெறும் இரண்டு பொருள்கள். அதைக் காட்சிக்கு வைத்த அறையில், சைக்கிள் சீட்டுகளையும் ஹேண்டில்பார்களையும் சுவரில் வரிசையாக மாட்டிவைத்தார் ஸ்மித். விளக்கப் பலகையைப் படிக்காமலே ஒரு பள்ளிக் குழந்தைக்கும் பிக்காசோ செய்தது என்ன என்று அந்தச் சுவர் காட்டிவிடும். பந்தய சைக்கிளில் வளர்ந்தவருக்கு மட்டுமே தோன்றக்கூடிய சுவர் அது.