மலைமேல் ஓர் அஞ்சல் ஓட்டம்

அஞ்சல் ஓட்டம் என்றதும் சுண்ணாம்புக் கோடிட்ட திடலும், கைமாறும் கோலும் நம் நினைவுக்கு வரும். கோடும் திடலும் இன்றி, மேகம் தவழும் மலைமுடிகளின் மீது நடைபெறும் அஞ்சல் ஓட்டமும் உலகில் உண்டு. ஸ்காட்லாந்து மலைகளில் அத்தகைய ஓட்டத்தின் ஒரு கட்டத்தை ஓடி முடிப்பது எவ்வாறு என்பதை ஈண்டுக் காண்போம்.

ஸ்காட்லாந்து, பிரிட்டன் தீவின் வடபகுதியாகும். அங்கு 3,000 அடிக்கு மேல் உயர்ந்த மலைகளை 'மன்ரோ' என்று வழங்குவர். 1891ஆம் ஆண்டில் அவற்றைப் பட்டியலிட்டு வெளியிட்ட ஹியூ மன்ரோ என்பவரின் பெயரே அவற்றுக்கு நிலைத்துவிட்டது. இன்றைய பட்டியலில் 282 மலைகள் உள்ளன. அவற்றுள் மிக உயர்ந்தது 1,345 மீட்டர் உயரமுள்ள பென் நெவிஸ்.

பிரிட்டனின் வெவ்வேறு மலைப்பகுதிகளில் நடத்தப்படும் குன்று அஞ்சல் ஓட்டப் போட்டிக்குச் சில ஆண்டுகளில் ஸ்காட்லாந்தும் களமாகிறது. ஒரு குழுவில் அறுவர், கட்டங்களோ நான்கு. முதற் கட்டத்தையும் இறுதிக் கட்டத்தையும் ஒருவர் தனித்து ஓடுவர். இடையிலுள்ள இரண்டையும் இருவர் இருவராக ஓடுவர். மூன்றாம் கட்டத்தினருக்கு, எவ்விடங்களைக் கடக்கவேண்டும் எனக் குறித்த வரைபடம் ஓடத் தொடங்கும் வேளையிலேயே கிடைக்கும். கால்வலிமையோடு கூரிய அறிவும் அங்கே வேண்டப்படுகிறது.

மலையோட்டத்தில் தூரத்தை மட்டும் கணக்கிடுதல் போதாது. 1892ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து மலையேறியான வில்லியம் நெய்ஸ்மித் ஒரு விதியைக் கூறினார். மலையில் நடப்போர்க்கு 3 மைலுக்கு ஒரு மணி நேரமும், ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் மேலும் ஒரு மணி நேரமும் ஆகும் என்பதே அவ்விதி. ஆகவே, 2,000 அடி ஏற்றமுள்ள 6 மைல் வழிக்கு 3 மணி நேரம் தேவை. ஓட்டக்காரர் இதனினும் விரைந்து செல்வர். எனினும் செங்குத்தான ஏற்றத்தில் அவர்களும் தொடைமீது கையூன்றி நடப்பதுண்டு. இறக்கமோ எளிதன்று. உடலின் விரைவைத் தடுத்துத் தடுத்துத் தொடைத் தசைகள் நைந்துபோகும். சரளைக் கற்களும் கரிய சேற்று நிலமும் காலை வாரிவிடும்.

குளிர் மற்றொரு பகை. 1,000 மீட்டர் உயர்ந்தால் வெப்பம் ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறையும். வியர்வையில் நனைந்த ஆடைமீது கடுங்காற்று வீசினால் உடற்சூடு விரைந்து தணியும். நடுக்கம் மிகும், பேச்சுக் குழறும், அறிவு தடுமாறும், உயிருக்கே இறுதி நேரலாம். அதனால்தான் மழை காக்கும் சட்டை, தொப்பி, கையுறை, உணவு, வரைபடம், திசைகாட்டி, ஊதல் ஆகியவற்றைச் சுமந்தே ஓடுகின்றனர். ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊதினால், அதுவே உதவி கோரும் குறியாகும்.

மேகம் மூடினால் திசைகாட்டியே கண்ணாகும். பென் நெவிஸ் உச்சியின் ஒருபுறம் பெரும் பாறைச் செங்குத்து. மறுபுறம் ஆழ்ந்த பிளவு. வழி தெரியாத வேளையில் உச்சித் தூணிலிருந்து 150 மீட்டர் தூரம், வரைபட வடக்கிலிருந்து 231 பாகைத் திசையில், அதாவது தென்மேற்கே, செல்லவேண்டும். பின்னர் 282 பாகைத் திசையில், அதாவது மேற்கினின்று சற்றே வடக்காகத் திரும்பவேண்டும். எண்ணி எண்ணி அடிவைப்பவரே பிழைப்பர்.

இவ்வோட்டத்தின் விதிகளுள் இரண்டு நம் சிந்தனைக்குரியவை. இருவராக ஓடுவோர் இறுதிவரை பிரிதல் கூடாது. வலியவர் முந்திச் சென்றாலும் பயனில்லை. மெலியவர் வந்து சேரும் நேரமே இருவருக்கும் உரிய நேரம். ஆதலின் வலியவரே தோழருக்குத் துணைநிற்பர். கதவு திறந்து கடக்க உதவுவர். அடுத்து, ஓட்டத்தைக் கைவிடுபவர் அதனை நடத்துநரிடம் கட்டாயம் தெரிவிக்கவேண்டும். தெரிவியாது வீடு திரும்பினால், இல்லாத ஒருவரைத் தேடி மீட்புக் குழுவினர் இருளிலும் மழையிலும் மலையேற நேரும்.

மலையடிவாரத்தில் அடுத்த ஓட்டக்காரர் தம் தோழரை எதிர்நோக்கிக் காத்து நிற்கிறார். அவருக்கு வேண்டுவது விரைந்து வரும் தோழர் மட்டுமல்லர். நலமாகத் திரும்பி வரும் தோழர். ஒருவர் தம் பங்கைப் பிழையின்றி முடித்தாலன்றி மற்றவரின் பங்கு தொடங்காது. இவ்வுண்மையை உணர்ந்து ஒழுகும் குழுவே மலையையும் வெல்லும்.