கால் கேட்டது யார்?

தண்டுவடம்: தொடர் – 9

தண்டுவட ஆராய்ச்சி பற்றிப் பத்திரிகையில் வரும் செய்தி எதை எடுத்தாலும் அதில் யாரோ நடந்துகொண்டிருக்கிறார்கள். ஒரு வருடம் எலி நடக்கும். இன்னொரு வருடம், முதுகில் மின்முனை பொருத்திய ஒருவர் இருபுறமும் கம்பியைப் பிடித்தபடி நான்கு அடி வைப்பார். 2000 ஜனவரியில் அமெரிக்காவின் சூப்பர் பௌல் ஒளிபரப்புக்கு நடுவே வந்த விளம்பரம் ஒன்றில், கழுத்தில் அடிபட்டு மூச்சுவிடவும் இயந்திரத்தை நம்பியிருந்த நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் கணினி வரைகலையின் தயவால் நாற்காலியிலிருந்து எழுந்து நடந்தார். மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள் என்று அதை நம்பியவர்களும் உண்டு. பொய்யான நம்பிக்கையை விற்கிறார்கள் என்று கொதித்தவர்களும் உண்டு. எனக்கு அந்த விளம்பரத்தில் உறுத்துவது வேறு. குணமாவது என்றால் நடப்பது என்று யார் முடிவு செய்தார்கள்? அடிபட்டவர்களைக் கேட்டு எடுத்த முடிவாக அது தெரியவில்லை. ஆய்வகத்தின் அன்றாட வேலைமுறை அந்த முடிவைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டது, அடிபட்ட ஒருவர் ஆய்வுக்குழுவுக்குள்ளேயே வந்து உட்கார்ந்த பிறகுதான் கேள்வி திரும்பியது என்பது என் வாதம்.

வேலைமுறை என்றேன். அது எலிக்கூண்டிலிருந்து தொடங்குகிறது. மனிதர்களில் கழுத்துப் பகுதியில் அடிபடுபவர்கள்தான் அதிகம். அமெரிக்கக் கணக்கில் அவர்கள் பாதிக்கும் மேல். ஆனால் ஆய்வக எலிக்குப் பெரும்பாலும் நெஞ்சுப் பகுதியில்தான் காயம் உண்டாக்கினார்கள். காரணம் எளிது. கழுத்தில் காயம் பட்ட எலிக்கு மூச்சு சிரமம், தின்பது சிரமம், சாவு அதிகம். நெஞ்சில் காயம் என்றால் முன்னங்கால் இரண்டும் நன்றாக இருக்கும், எலி தானே தின்னும், பின்னங்கால் மட்டும் இழுத்துக்கொண்டு வரும். அப்படியானால் அளப்பதற்கு என்ன இருக்கிறது? பின்னங்கால்தான். ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பாஸோ, பீட்டி, பிரஸ்னஹான் என்ற மூவர் 1995-இல் வெளியிட்ட அளவுகோல் இதற்காகவே செய்தது. குழந்தைகள் தண்ணீரில் விளையாடும் பிளாஸ்டிக் தொட்டி போன்ற ஒன்றில் எலியை விட்டு, எந்த எலிக்கு எந்த மருந்து என்று தெரியாத இருவர் நான்கு நிமிடம் பார்த்து, பூஜ்யம் முதல் 21 வரை மதிப்பெண் போடுவார்கள். நேர்மையான, கவனமான அளவுகோல் அது. உலகம் முழுக்க அதையே எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகு ஒரு மருந்து வேலை செய்கிறது என்றால் எலி நன்றாக நடக்கிறது என்றே பொருளாயிற்று. பராமரிப்பு வசதிக்காக எடுத்த ஒரு முடிவு, துறையின் குறிக்கோளாக உட்கார்ந்துகொண்டது.

இதே கூண்டின் முன்னால் நடந்த இன்னொரு வேலையையும் சொல்ல வேண்டும். காயம் பட்ட எலிக்குத் தானாகச் சிறுநீர் பிரியாது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை யாராவது அதைக் கையில் எடுத்து, அடிவயிற்றை விரலால் இதமாக அழுத்தி வெளியேற்ற வேண்டும். ஞாயிறு, பண்டிகை, பனி கொட்டும் இரவு எதுவானாலும் முறை போட்டு யாராவது வந்தாக வேண்டும். இந்த ஆய்வுக்குழுக்களின் கூட்டு வாழ்க்கை என்று ஒன்று இருக்குமானால் அது கருத்தரங்கில் இல்லை, இந்த முறைப்பட்டியலில் இருக்கிறது. சிறுநீர்ப்பை எப்போது வீங்கியது, எப்போது தேறியது என்பது அந்தக் கைகளுக்குத் தெரியும். ஆனால் அது பெரும்பாலும் பராமரிப்பு ஏட்டோடு நின்றது. ஆய்வுக் கட்டுரையின் அட்டவணைக்குப் போகவில்லை.

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்தில் 1996-இல் தொடங்கிய ரீவ்-அர்வைன் ஆராய்ச்சி மையத்துக்கு வருவோம். ஜோன் அர்வைன் ஸ்மித் என்ற செல்வந்தரின் நன்கொடையில், ரீவின் பெயரைத் தாங்கி எழுந்தது அது. அப்போது ஆஸ்வால்ட் ஸ்டீவர்ட் அதன் இயக்குநர். அங்கே ஆய்வாளராக இருந்தவர் கிம் ஆண்டர்சன். நரம்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர்; இளம் வயதிலேயே கழுத்தில் தண்டுவடம் அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவர். இதைக் கேட்கலாமே என்று எல்லோருக்கும் தோன்றியிருக்க வேண்டிய கேள்வியை அவர் கேட்டார்: ஒரே ஒரு செயல் திரும்பும் என்றால் உங்கள் வாழ்க்கையை எது அதிகம் மாற்றும்? 681 பேரின் பதிலை 2004-இல் வெளியிட்டார். கைகால் நான்கும் செயலிழந்தவர்களில் 48.7 சதவீதம் பேர் முதலிடம் கொடுத்தது கைக்கு. இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர்களில் 26.7 சதவீதம் பேர் பாலுறவுத் திறனை முதலில் வைத்தார்கள். சிறுநீர், மலக் கட்டுப்பாடு இரு பக்கமும் மேலே இருந்தது. நடை எந்தக் குழுவிலும் முதலிடம் பிடிக்கவில்லை.

யோசித்தால் இதில் வியப்பில்லை. நடக்க முடியாதவருக்குச் சக்கர நாற்காலி உண்டு, சாய்தளம் உண்டு. கட்டாவிட்டால் சண்டை போட்டாவது கட்ட வைக்கலாம். கைக்கு அப்படி மாற்று இல்லை. சோறு அள்ள, பல் துலக்க, போர்வையை இழுத்துவிட, நாற்காலியின் சக்கரத்தையே தள்ள விரல் வேண்டும். சிறுநீர்க் குழாயைத் தானே செருகிக்கொள்ளவும் விரல்தான் வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்ந்து ஒரு பொருளை இடுக்கும் அளவுக்குத் திரும்பினால்கூட, தினமும் நாலைந்து முறை இன்னொருவர் கையை எதிர்பார்த்துக் கிடப்பது குறையும். (வேலூர் மருத்துவமனைக்குக் கையின் அருமை புதிய செய்தியும் அல்ல. 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி செய்த அறுவைகள் தொழுநோயாளிகளின் கைகளுக்கு. 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் எழுந்ததும் அவர் முயற்சியில்தான்.)

அர்வைனில் அடுத்து நடந்ததுதான் எனக்கு முக்கியம். கணக்கெடுப்பு பத்திரிகையில் வந்ததோடு முடியவில்லை. மறு வருடமே அதே குழு, கழுத்தில் காயம் பட்ட எலியின் முன்னங்கால் பிடியை அளக்கும் வேலையை வெளியிட்டது. எலி ஒரு கம்பியைப் பற்றிக்கொள்ளும்; அதைப் பின்னால் இழுத்து, எவ்வளவு விசையில் பிடியை விடுகிறது என்று கருவியில் பார்க்க வேண்டும். எலியின் காயம் நெஞ்சிலிருந்து கழுத்துக்கு ஏறியதும் பராமரிப்புச் சுமையும் ஏறியது. அதைச் சுமக்க ஒரு குழு தயாரானதற்குக் காரணம், கேள்வி கேட்டவரும் சோதனை செய்தவர்களும் ஒரே கூரையின் கீழ் இருந்தது. ஆலோசனைக் குழுவில் பெயருக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தால் இது நடந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

இதற்கு மறுப்பு உண்டு. கணக்கெடுப்பில் பதில் சொன்னவர்கள் தாமாக முன்வந்தவர்கள், பெரும்பாலும் காயத்தோடு வருடக்கணக்கில் வாழ்ந்து பழகியவர்கள். நேற்று அடிபட்டவரைக் கேட்டால் நடை என்றுதானே சொல்வார்? சொல்லலாம். ஆனால் அடிபட்டவர் அந்த முதல் வாரத்தைவிடப் பல மடங்கு காலம் காயத்தோடு வாழப்போகிறவர். அந்தக் காலத்தை அறிந்தவரின் சாட்சியைத் தள்ளிவிட்டு, அறியாதவரின் ஏக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வது என்ன நியாயம்? தவிர, 2012-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு இப்படிப்பட்ட 24 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. அசைவோடு சிறுநீர், மலம், பாலுறவு ஆகியவையும் திரும்பத் திரும்ப முன்னுக்கு வந்தன.

இன்னும் கனமான மறுப்பு, அறிவியல் வாக்கெடுப்பில் நடப்பதில்லை என்பது. வெட்டுப்பட்ட நரம்பிழை ஏன் வளரவில்லை என்று தேடுபவரிடம் போய்க் கையா காலா என்று கேட்க முடியாது. சரிதான். நரம்பிழையைத் தடுக்கும் புரதத்தைத் தேடும் ஆய்வு கைக்கும் காலுக்கும் பொது. ஆனால் எந்த இடத்தில் காயம் உண்டாக்குவது, எதை அளந்து வெற்றி என்று சொல்வது ஆகிய இரண்டும் இயற்கை விதிகள் அல்லவே. யாரோ தேர்ந்தெடுத்தவை. தேர்வு என்று வந்துவிட்டால் அதில் கேட்கப்பட வேண்டியவர் யார் என்ற கேள்வியும் வந்துவிடும்.

அடிபட்டவரை உள்ளே விட்டால் ஆசை கண்ணை மறைக்கும், முடிவுகள் அளவுக்கு மீறி இனிக்கும் என்றும் சொல்வார்கள். ஆனால் கண் மறைந்ததற்கான சான்று இருப்பது வேறு பக்கம். அமெரிக்க அரசின் நரம்பியல் நிறுவனம், பெயர்பெற்ற எலி ஆய்வுகளை அப்படியே திரும்பச் செய்து பார்க்கும் பொறுப்பை அர்வைன், மயாமி உள்ளிட்ட மையங்களிடம் கொடுத்தது. 2012-இல் ஸ்டீவர்ட்டும் மற்றவர்களும் தொகுத்து எழுதியபோது, பெரும்பாலானவற்றில் மூல முடிவு திரும்ப வரவில்லை, வந்தவையும் அரைகுறை. அந்த மூல ஆய்வுகளில் இனித்தது நோயாளியின் ஆசை அல்ல. சென்ற வாரம் பார்த்த, தண்டுவடம் அடிபட்டதும் போடும் ஸ்டீராய்டு ஊசியும் அப்படியே: பலன் பற்றிச் சந்தேகம் வந்த பிறகும் பலர் அதைத் தொடர்ந்து போட்டது வழக்குக்குப் பயந்து என்று அறுவை மருத்துவர்களே கணக்கெடுப்புகளில் சொன்னார்கள். ஆசையும் பயமும் வெள்ளைக் கோட்டுக்குள்ளும் இருக்கின்றன. ஸ்டீவர்ட் குழு போன்றவர்கள் புகழ் தராத சோதனைகளில் வருடக்கணக்கைச் செலவிட்டதை, இந்தத் துறையின் எந்தக் கண்டுபிடிப்பையும்விட நான் அதிகம் மதிக்கிறேன்.

பராமரிப்பு ஏட்டுக்குத் திரும்புகிறேன். 1990-களில் நடந்த பெரிய எலிச் சோதனைகளின் பழைய பதிவுகளைக் கணினியில் ஏற்றி ஆராய்ந்த ஆடம் ஃபெர்குசன் குழு 2015-இல் ஒன்றைக் கண்டது. அறுவையின்போது ரத்த அழுத்தம் உயர்ந்திருந்த எலிகள் பின்னர் மோசமாகத் தேறியிருந்தன. மருந்தைச் சோதிக்கும்போது யாரோ கடமைக்குக் குறித்து வைத்த எண் அது. ஏறக்குறைய இருபது வருடம் கிடப்பில் கிடந்தது. மனிதர்களின் அறுவையில் அழுத்தம் விழுந்துவிடக் கூடாது என்பதே கவலையாக இருந்தது. மேல் எல்லை பற்றி யாரும் அவ்வளவாக யோசிக்கவில்லை. கவனிப்பு வேறு ஆய்வு வேறு என்று கோடு போட்டவர்கள் ஏட்டின் ஒரு பக்கத்தை மட்டும் படித்துவந்திருக்கிறார்கள்.

கைக்கு வந்த பதில் 2024-இல். கழுத்தின் பின்புறத் தோலின் மேல் மின்முனை ஒட்டித் தூண்டும் கருவியை, கைகால் நான்கும் பாதிக்கப்பட்ட 60 பேரிடம் சோதித்து ‘நேச்சர் மெடிசின்’ இதழில் எழுதினார்கள். இரண்டு மாதம் கைப்பயிற்சி மட்டும், அடுத்த இரண்டு மாதம் பயிற்சியோடு தூண்டல். 72 சதவீதம் பேருக்குக் கையின் வலிமையும் பயன்பாடும் கூடின. தனி ஒப்பீட்டுக் குழு கிடையாது. எவ்வளவு பங்கு மின்சாரத்துக்கு, எவ்வளவு நீண்ட பயிற்சிக்கு என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம் கருவிக்கு அனுமதி கொடுத்தது. அனுமதிச் சீட்டில் எழுதியிருப்பது கை. 681 பேரைக் கேட்டு இருபது வருடம் கழிந்திருந்தது. அந்த 26.7 சதவீதம் பேருக்கும், கூண்டின் முன்னால் இரவில் அடிவயிற்றை அழுத்தும் விரலுக்குத் தெரிந்த விஷயத்துக்கும் என்ன ஆயிற்று என்பதை அடுத்த வாரம் பார்க்கலாம்.

(தொடரும்)