பெட்டியில் பிள்ளை, வராந்தாவில் பெற்றோர்

"குழந்தையைப் பெட்டியில வெச்சிருக்காங்க" என்று இன்குபேட்டர் செய்தி வீட்டுக்குப் போனதும் ஆளாளுக்குப் பேச்சு கிளம்பும். 37 வாரம் நிறையும் முன் பிறப்பவை குறைமாதக் குழந்தைகள். 2020இல் இந்தியாவில் மட்டும் சுமார் 30 லட்சம் பிறந்தன. வேறெந்த நாட்டிலும் இத்தனை இல்லை. ஏழாம் மாதப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதப் பிள்ளை தங்காது என்பது வெறும் வாய்ப்பேச்சு. வயிற்றில் கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு வாரமும் நுரையீரலுக்கு லாபமே. தாயின் காதுபட எட்டாம் மாதக் கதை பேசுகிறவர்களை வராந்தாவோடு அனுப்பிவிடலாம்.

அலறும் மானிட்டர்

மூக்கில் குழாய், பாதத்தில் சிவப்பாக ஒளிரும் பட்டை, தலைமாட்டில் மானிட்டர். குழந்தை காலை உதைத்துப் பட்டை நழுவினாலே அலாரம் அடிக்கும். நிஜமாகவே சில விநாடி மூச்சு நிற்பதும் உண்டு. நர்ஸ் உள்ளங்காலை மெல்லத் தேய்த்தால் பெரும்பாலும் திரும்பிவிடும். முதல் சில நாள் எடை இறங்கித்தான் ஏறும். இவற்றை முதல் நாளே யாராவது விளக்கிவிட்டால் பெற்றோரின் பாதி பயம் தீரும். பல இடங்களில் அதற்குத்தான் நேரம் இருப்பதில்லை.

சில சொட்டும், வெறும் மார்பும்

உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிடுவதை ஒத்திசைவாகச் செய்யும் திறன் 34 வாரம் வாக்கில்தான் கூடிவரும். அதுவரை குழாய்வழிப் பால். இரண்டு மூன்று மணிக்கொரு தரம், இரவிலும், தாய் பால் பீய்ச்ச வேண்டும். ஆரம்பத்தில் சிரிஞ்சின் அடியில் சில சொட்டுதான் சேரும். அந்தச் சீம்பாலே குடலுக்குக் காவல். போதாவிட்டால் தாய்ப்பால் வங்கி இருக்கிறதா என்று கேளுங்கள்.

அடுத்தது கங்காரு பராமரிப்பு. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் தட்டுப்பாட்டில், டாக்டர் எட்கர் ரே சனாப்ரியா தொடங்கிய முறை. டயப்பரும் தொப்பியும் மட்டும் அணிந்த குழந்தையை வெறும் மார்பில் கட்டிக்கொள்வது. டெல்லி சப்தர்ஜங் உள்ளிட்ட ஐந்து மருத்துவமனைகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், பிறந்தவுடனே இதைத் தொடங்கிய எடை குறைந்த குழந்தைகளிடையே இறப்பு கால் பங்கு குறைந்தது. நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்பாவின் மார்பும் ஆகும். அப்படியிருக்க, பெற்றோரைக் குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் உள்ளே விடுவது சிகிச்சையைத் தடுப்பதற்குச் சமம்.

உறவினர் செய்ய வேண்டியது

பப்பாளி தின்றாளா, மாடிப்படி ஏறினாளா என்று துருவாதீர்கள். ரத்தக்கொதிப்பு, தொற்று, இரட்டைக் கரு எனக் காரணங்கள் பல. பல நேரம் காரணமே தெரியாது. சூடான சாப்பாடு கொண்டுபோங்கள், மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கடந்தும் தாயின் அழுகை ஓயவில்லை, தூக்கமில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று. 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை கட்டாயம். தவறினால் பார்வையே போகலாம். அந்தத் தேதியை நினைவில் வைக்கும் வேலையையாவது மாமாவோ சித்தப்பாவோ ஏற்றுக்கொள்ளுங்கள்.