புகைப்படம் பிடித்தல்: படச்சுருளும் டிஜிட்டல் முறையும்

தாம் கண்டு மகிழ்ந்த காட்சியைப் பிறர்க்கும் காட்டவேண்டுமென்னும் அவா மக்கட்கு இயல்பாய் அமைந்தது. சிலர் அதனைச் சொல்லாற் காட்டுவர். சிலர் தூரிகையாற் காட்டுவர். இவ்விரண்டு ஆற்றலும் வாய்க்கப்பெறாதார்க்குப் புகைப்படக் கருவி நல்லதொரு துணையாய் வந்தது. தொழிலாகக் கொள்ளாது, விருப்பமொன்றே காரணமாகப் படம் பிடிப்போர் இன்று எங்கும் பெருகியுள்ளனர். அவருள் இருவர் ஓரிடத்திற் கூடித் தத்தம் படங்களை ஒருவருக்கொருவர் காட்டத் தொடங்கின், சிறிது நேரத்திற்குள் ஒரு வழக்கு எழுவது உறுதி. படச்சுருளிற் பிடிப்பது சிறந்ததா, டிஜிட்டல் கருவியிற் பிடிப்பது சிறந்ததா என்பதே அவ்வழக்கு. இரு திறத்தாரும் தத்தம் கட்சியை விடாது நாட்டுவர். முடிவு மட்டும் பிறப்பதில்லை. இவ்விரண்டும் எவ்வாறு இயங்குகின்றன, ஒவ்வொன்றும் தன்னைக் கையாள்வோனிடம் எவ்வகை உழைப்பை வேண்டுகின்றது என்பவற்றை அறிந்தால், வழக்கின் பெரும்பகுதி தானே தீர்ந்துவிடும். அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் இக்கலையின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். கருவி கொண்டு பிடித்த படங்களுள் இன்றும் எஞ்சி நிற்கும் மிகப் பழையது, பிரெஞ்சு நாட்டினராகிய நீப்ஸ் என்பார் 1827-ஆம் ஆண்டையொட்டித் தம் இல்லத்துச் சாளரத்தினின்று பிடித்ததாகும். ஒருவகை நிலக்கீல் பூசிய உலோகத் தகட்டில் அப்படம் பதியப் பல மணி நேரம் சென்றது. 1839-ஆம் ஆண்டில் தாகேர் என்பாரது முறை உலகிற்கு வெளியிடப்பெற்றது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் மிக நுட்பமான படம் அம்முறையால் தோன்றிற்று. ஆயினும் அத்தகடு ஒன்றே படம். அதற்குப் படியெடுக்க வழியில்லை. நண்பனுக்கு அதனை ஈந்தால் ஈந்தவனுக்கு ஒன்றும் எஞ்சாது. இக்குறையை நீக்கியவர் இங்கிலாந்து தேசத்துத் தால்பட் என்பவர். அவர் 1841-ல் காப்புரிமை பெற்ற முறையில், ஒளியும் நிழலும் தலைமாறித் தோன்றும் நெகடிவ் ஒன்று முதலிற் காகிதத்தில் உண்டாகும். அதனினின்று வேண்டிய படிகளை எடுத்துக்கொள்ளலாம். படங்களைப் பலரோடு பகிர்ந்துகொள்ளும் வழக்கத்திற்கு வித்திட்டது இந்நெகடிவே எனலாம். 1853-ல் இலண்டனில் புகைப்படச் சங்கம் தோன்றிற்று. அதனையடுத்த ஆண்டுகளில், உறுப்பினர் தம் படங்களின் படிகளை ஒருவருக்கொருவர் அனுப்பி மாற்றிக்கொள்ளும் கழகங்களும் அங்கே எழுந்தன.

நம் சென்னையும் இதிற் பின்தங்கியிருக்கவில்லை. 1850-களிலேயே இந்நகரில் ஒரு புகைப்படச் சங்கம் ஏற்பட்டது. அக்காலத்தில் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக அமர்ந்தவர் லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்துறை அலுவலர். விடுமுறையில் தாய்நாடு சென்றிருந்தபோது விருப்பத்தால் இக்கலையைப் பயின்றவர் அவர். 1858-ஆம் ஆண்டில் மதுரை, தஞ்சை, புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி முதலிய இடங்களில் அவர் படம் பிடித்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்திலுள்ள கல்வெட்டுக்களை வரிசையாகப் பிடித்து, 21 படங்களை இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். அவர் பிடித்த படங்கள் இன்றும் அழியாது காக்கப்பெற்று வருகின்றன என்பதை ஈண்டு நினைவிற் கொள்க. பின்னர் இதனை மீண்டும் எடுத்துக்கொள்வோம்.

அந்நாளில் மருந்துகளைக் கலக்கவும் கருவிகளைச் சுமந்து திரியவும் வல்லார்க்கே இக்கலை கைகூடிற்று. அதனை எல்லார்க்கும் உரியதாக்கியவர் அமெரிக்கராகிய ஜார்ஜ் ஈஸ்ட்மன். 1888-ல் அவர் ‘கோடக்’ என்னும் சிறு பெட்டியை விற்பனைக்குக் கொணர்ந்தார். 100 படங்களுக்குரிய சுருள் அதனுள்ளேயே இருக்கும். அத்தனையும் எடுத்து முடித்தபின் பெட்டியை அப்படியே ராச்செஸ்டர் நகரத்துத் தொழிற்சாலைக்கு அனுப்பினால், படங்களை அச்சிட்டு, புதிய சுருளையும் இட்டுத் திருப்பியனுப்புவர். 1900-ல் வெளிவந்த ‘பிரௌனி’ என்னும் பெட்டியின் விலை ஒரு டாலரே. 1925-ல் ஜெர்மனி தேசத்தில் விற்பனைக்கு வந்த ‘லைக்கா’, திரைப்படத்திற்கென அமைந்த 35 மில்லிமீட்டர் சுருளையே நிழற்படத்திற்குப் பயன்படுத்திற்று. ஒரு சுருளுக்கு 36 படங்கள் என்னும் வழக்கம் அதன்பின் வேரூன்றியது. நம் நாட்டிலும் 1960-ல் நிறுவப்பெற்ற ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசாங்க நிறுவனம், உதகமண்டலத்துத் தொழிற்சாலையில் ‘இந்து’ என்னும் பெயரால் சுருளும் அச்சிடும் தாளும் செய்து பல்லாண்டுகள் வழங்கிற்று. அத்தொழிற்சாலை பின்னர் மூடப்பெற்றது.

இனிப் படச்சுருள் இயங்கும் முறையைக் காண்போம். ஒளி ஊடுருவத்தக்க மெல்லிய ஏட்டின்மீது, ஜெலட்டின் என்னும் பசையிற் கலந்த வெள்ளி உப்பின் நுண்படிகங்கள் பரப்பப்பட்டுள்ளன. லென்ஸின் வழியே வந்த ஒளி ஒரு படிகத்தின்மேற் பட்டால், அதனிடத்தே வெள்ளியணுக்கள் சில தோன்றுகின்றன. இம்மாறுதல் கண்ணுக்குப் புலனாகாது. இருட்டில் ‘டெவலப்பர்’ என்னும் மருந்தில் இட்டவுடன், ஒளிபட்ட படிகங்கள் கரிய வெள்ளியாக மாறுகின்றன. பின்னர் ஹைப்போ என்னும் உப்பின் கரைசலில் இட, ஒளிபடாத வெள்ளி உப்பு கரைந்து நீங்கும். நீரில் நன்கு கழுவி உலர்த்தினால் நெகடிவ் நிலைபெறும். வண்ணச் சுருளிலோ, வெள்ளி பின்னர் நீக்கப்பெற, மூன்று படலங்களில் அமைந்த சாயங்களே எஞ்சி நிறங்காட்டுகின்றன.

டிஜிட்டல் கருவியில் சுருளின் இடத்தைச் சிலிக்கன் தகடொன்று கொள்கின்றது. மழைக்காலத்தில் முற்றமெங்கும் குடங்களை வரிசை வரிசையாக வைத்து, மழை விட்டபின் ஒவ்வொரு குடத்திலும் நின்ற நீரை அளந்து ஏட்டிற் குறித்துக்கொள்வதாக எண்ணுக. எப்பக்கம் மழை மிகுதி, எப்பக்கம் குறைவு என்பதை அவ்வேடு கொண்டே கூறிவிடலாம். அவ்வாறே சிலிக்கன் தகட்டில் ‘பிக்சல்’ எனப்படும் நுண்கட்டங்கள் பல இலட்சம் உள்ளன. ஒளி விழுந்தவழி ஒவ்வொரு கட்டத்திலும் எலெக்ட்ரான்கள் தேங்குகின்றன. அவற்றின் அளவு எண்ணாக மாற்றிக் குறிக்கப்படுகின்றது. ஆகவே டிஜிட்டல் படமென்பது உண்மையில் ஓர் எண் பட்டியலேயாம். இக்கட்டங்கள் ஒளியின் அளவை அறியுமேயன்றி நிறத்தை அறியா. ஆதலின் அவற்றின்மேல் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் வடிகட்டிகளைக் கட்டத்திற்கு ஒன்றாக வைப்பர். மக்கட் கண் பச்சையொளியிடத்தே மிகக் கூர்மையுடையதாதலின், பாதிக் கட்டங்கள் பச்சைக்கும், எஞ்சிய பாதி மற்ற இரண்டிற்கும் சமமாக ஒதுக்கப்படும். 1976-ல் இதற்குக் காப்புரிமை பெற்ற பிரைஸ் பேயர் என்பவர் கோடக் நிறுவனத்தில் பணிபுரிந்தவர்.

இவ்வகைச் சிலிக்கன் தகடுகளுள் ஒன்றனை 1969-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்டு பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்னும் இருவர் கண்டனர். அதற்காக 2009-ல் நோபெல் பரிசிற் பங்கு பெற்றனர். அத்தகையதொரு தகட்டைக் கொண்டு 1975-ல் கோடக் நிறுவனத்தின் இளம் பொறியாளராகிய ஸ்டீவன் சாசன் முதல் டிஜிட்டல் காமிராவை அமைத்தார். அதன் படத்தில் இருந்த கட்டங்கள் 10,000 மட்டுமே. ஒரு படத்தை ஒலிநாடாவிற் பதிய 23 விநாடி சென்றது. சுருள் விற்று வாழ்ந்த அந்நிறுவனமே சுருளுக்கு மாற்றானதைத் தன் அகத்தே ஈன்றது வியப்பேயாம். 2012-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அது திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் செல்ல நேர்ந்தது.

இயங்கும் முறை வேறாதலால் பிடிக்கும் முறையும் வேறாதல் வேண்டும். குடம் நிறைந்தபின் பெய்யும் மழை வழிந்தோடிவிடுமன்றோ? அதுபோல, டிஜிட்டல் தகட்டில் ஒரு கட்டம் நிரம்பியபின் விழும் ஒளி கணக்கில் வாராது. வெண்மேகமும் வெயிலில் நிற்கும் வெள்ளை வேட்டியும் உருத்தெரியா வெளுப்பாகிவிட்டால், பின்னர் எவ்வகைத் திருத்தத்தாலும் அவற்றை மீட்கவியலாது. நிழலில் மறைந்தவற்றையோ பெரும்பாலும் மீட்கலாம். நெகடிவ் சுருளின் இயல்பு இதற்கு மறுதலை. மிகுந்த ஒளியை அது பொறுக்கும். குறைந்த ஒளியை மன்னிக்காது. ஆதலின் டிஜிட்டலில் வெளிச்சத்தை நோக்கியும், நெகடிவ் சுருளில் நிழலை நோக்கியும் ஒளியளவை அமைத்தல் தக்கது. ஒன்றிற் பழகிய கையால் மற்றொன்றைத் தொட்டுப் படம் கெட்டபின் கருவியைப் பழிப்போர் பலர், பிழை கருவியினதன்று.

இவற்றினும் பெரியதொரு வேறுபாடு மனத்தின் பயிற்சியைப் பற்றியது. சுருளில் 36 படங்களே உள. ஒவ்வொன்றிற்கும் சுருளின் விலையும், கழுவும் கூலியும், அச்சிடும் செலவும் உண்டு. ஆதலின் அதனைக் கையிற் கொண்டவன் விசையை அழுத்துமுன் நின்று நோக்குகிறான். ஒளி எப்பக்கத்தினின்று வருகின்றது, பின்னணியில் வேண்டாதது யாது என ஆராய்கிறான். டிஜிட்டல் கருவியில் மேலும் ஒரு படம் எடுப்பதற்குச் செலவில்லை. எடுத்ததை அப்பொழுதே காணலாம். ஒளித்துளையின் அளவையும், ஷட்டர் திறந்திருந்த காலத்தையும், நாளையும் நேரத்தையும் கருவி தானே குறித்து வைக்கின்றது. பயிலத் தொடங்கும் மாணவனுக்கு இதனினும் நல்லாசிரியன் இல்லை. சுருளிற் பயின்றோர் தம் தவற்றை அறியப் பல நாள் காத்திருந்தனர். இவனோ ஒரு நொடியில் அறிந்து மறு நொடியில் திருத்திக்கொள்ளலாம்.

ஆயின் ஒன்று: உழைப்பு குறைந்துவிடவில்லை, இடம் மாறியுள்ளது. சுருள், எடுப்பதற்கு முன்னே சிந்தனையை வேண்டுகின்றது. டிஜிட்டல், எடுத்தபின் தேர்வை வேண்டுகின்றது. ஒரு திருவிழாவில் 400 படங்கள் பிடித்தவன், அவற்றுள் நல்லன பன்னிரண்டைத் தேர்ந்து ஏனையவற்றை ஒதுக்கினாலன்றி அவன் வேலை முடிந்ததாகாது. முன்னரும் சிந்தியாது, பின்னரும் தேராது விடுவானாயின், அவனிடம் படங்கள் குவியுமேயன்றி, காட்டத்தக்க படம் ஒன்றும் இராது.

இனிக் காத்தலைப் பற்றிக் கூறுவோம். நன்கு கழுவப்பெற்ற கறுப்பு-வெள்ளை நெகடிவ் நூறாண்டுக்கு மேலும் நிற்கும். டிரைப்பின் படங்கள் 160 ஆண்டுகளைக் கடந்து நம்மை எட்டியிருப்பது முறையாகப் பேணியதன் பயன். எனினும் சுருளுக்கும் பகையுண்டு. வண்ணச் சாயங்கள் நாளடைவில் மங்கும். நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் பூஞ்சை படரும். அசிடேட் ஏட்டாலான பழைய சுருள்கள் காடி நாற்றம் வீசிச் சுருங்கும். கழுவும் மருந்து கிடையாமற் போவதும் உண்டு. 1935-ல் தோன்றிய ‘கோடக்குரோம்’ வண்ணச் சுருளின் உற்பத்தி 2009-ல் நிறுத்தப்பெற்றது. அதனைக் கழுவிக்கொடுத்த கடைசிக் கூடம் 2010-ஆம் ஆண்டின் இறுதியோடு சுருள்களை ஏற்பதை நிறுத்திற்று. அதன்பின் கழுவாது கிடந்த சுருள்களில் அவற்றுக்குரிய நிறங்களை வருவித்தல் அரிதாயிற்று.

டிஜிட்டல் படமோ எண்களாதலின், நூறு முறை படியெடுப்பினும் அணுவளவும் குறையாது. இஃது அதன் தனிச்சிறப்பு. ஆனால் அழியுங்கால் அது முற்றும் அழியும். மங்கிய நெகடிவ் ஏதோ ஓர் உருவத்தையேனும் காட்டும். பழுதுற்ற வட்டோ தொலைந்த கைப்பேசியோ ஒன்றையும் காட்டாது. பெட்டியின் அடியிற் கிடந்தும் நெகடிவ் பிழைக்கும். டிஜிட்டல் படம் ஒருவர் இடைவிடாது பேணினாலன்றிப் பிழையாது. ஆகையால் வல்லுநர் கூறும் ஒரு விதியைக் கைக்கொள்ளுதல் நன்று: படிகள் மூன்று இருத்தல் வேண்டும், அவை இருவேறு வகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும், அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில் இருத்தல் வேண்டும். இதனோடு, சிறந்தவற்றை ஆண்டுதோறும் தாளில் அச்சிட்டு வைத்தலும் தகும்.

அச்சிட்டு வைத்தாலும் பெயர் எழுதாத படம் பாதிப் படமே. பழைய கல்லூரி மலர்களில் வகுப்புப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். நிற்போர், இருப்போர் என வரிசை வரிசையாகப் பெயர்கள் கீழே அச்சிடப்பட்டிருக்கும். அப்பெயர்களாலன்றோ ஐம்பதாண்டு கழித்து வரும் பேரன் தன் பாட்டனாரை அதிற் கண்டுகொள்கிறான்? இன்று ஒரு மாணவனின் கைப்பேசியில் நண்பர் படங்கள் ஆயிரம் உள்ளன. ஒன்றின் கீழும் பெயரில்லை, இடமில்லை. அக்கைப்பேசி பழுதானால் கல்லூரி வாழ்வின் மூன்றாண்டுகளும் அதனோடு மறையும். இவ்விழப்பு சுருளாலோ டிஜிட்டலாலோ வருவதன்று. சிறிய கவனமின்மையால் வருவது.

இறுதியாகப் படங்களைப் பகிரும் முறை பற்றிச் சில சொற்கள். செய்தியனுப்பும் செயலிகள் பல, படத்தைச் சுருக்கியே அனுப்புகின்றன. ஆதலின் நண்பர் அச்சிட்டுக்கொள்ள விரும்பின், மூலப்படத்தையே அனுப்புதல் வேண்டும். பிறர் படத்தைக் காணுங்கால் ‘நன்று, நன்று’ என்று சொல்லி அகலுதல் அவருக்கு யாதொரு பயனும் தாராது. எது கண்ணை முதலில் ஈர்த்தது, எது இடையூறாய் நின்றது, எதனை விலக்கியிருந்தால் படம் சிறந்திருக்கும் என மூன்று செய்திகளை அன்போடு கூறுக. பலர் முன்னிலையிற் காட்டுமுன், படத்திலுள்ளோரின் இசைவைப் பெறுதலும் பண்புடையார் செயலாகும். விருப்பமுள்ள மாணவர் ஐவர் அறுவர் கூடி, திங்கட்கு ஒருமுறை ஆளுக்கு மூன்று படங்கள் அச்சிட்டுக் கொணர்ந்து, பின்புறத்தில் நாளும் இடமும் பெயரும் குறித்து, ஒருவர் படத்தை ஒருவர் ஆராய்வாராயின், ஓராண்டில் அவர்கள் அடையும் தேர்ச்சி பெரிதாகும். சுருளிற் பிடிப்பவனும் டிஜிட்டலிற் பிடிப்பவனும் அக்கூட்டத்தில் அருகருகே அமரட்டும். முன்னவனிடம் நின்று நோக்குதலைப் பின்னவனும், பின்னவனிடம் அஞ்சாது முயன்று பார்த்தலை முன்னவனும் கற்றுக்கொள்வார்களாக. அவ்வாண்டின் முடிவில் பெயர்களோடு கூடிய நல்ல படங்கள் சில ஒரு பெட்டியில் எஞ்சுமாயின், பின்வரும் மாணவர் அவர்களை நன்றியோடு நினைப்பர் என்பதில் ஐயமில்லை.