அருளாளனின் உலகில் ஏன் இத்தனை துன்பம்?

 

எங்கள் மஹல்லாவில் ஒரு பச்சிளம் குழந்தையின் ஜனாஸாவை அடக்கம் செய்துவிட்டு அவ்வீட்டிற்குச் சென்றிருந்தேன். திரைக்கு அப்பாலிருந்து அந்தத் தாய் கேட்டார்: "ஹஜ்ரத், அல்லாஹ் ரஹ்மான் என்றுதானே எங்களுக்கு ஓதித் தந்தீர்கள்? பின் ஏன் இப்படி?" ஆறுதல் கூற வந்த யாரோ ஒருவர், "எல்லாம் நாம் செய்த பாவம்" என்று அவரிடம் சொல்லிவிட்டிருந்தார். பிரிவின் வேதனையோடு பழியின் வேதனையும் சேர்ந்துகொண்டது.

இப்படிப் பேசுவது நபிவழியா? அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் இரண்டு வயது நிறையுமுன்பே மரணித்தார். அண்ணலாரின் கண்கள் கலங்கின. அன்று சூரிய கிரகணமும் பிடித்தது. மகனின் மரணத்திற்காகவே சூரியன் மறைந்தது என மக்கள் பேசினர். நபியவர்களோ, எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று தெளிவுபடுத்தினார்கள். தமக்குப் பெருமை சேர்க்கும் பேச்சையே மறுத்த நபியின் உம்மத்தினர், பிறருக்குப் பழி சேர்க்கும் பேச்சை எப்படிப் பேசலாம்?

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே கடலடியில் பூமித்தட்டுகள் நழுவின. எழுந்த ஆழிப்பேரலை பல நாடுகளில் 2 லட்சத்திற்கும் அதிகமானோரைக் கொண்டுசென்றது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் எத்தனையோ பச்சைக் குழந்தைகள்! பருவமடையாத பிள்ளை மீது பாவம் எழுதப்படுவதில்லை என்பது மார்க்கத்தின் தீர்ப்பு.

துன்பங்கள் நம் கைகள் தேடிக்கொண்டவை என்றும் குர்ஆன் கூறுகிறதே எனச் சிலர் வினவலாம். உண்மைதான். ஆனால் அது ஒவ்வொருவரும் தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும் கண்ணாடி. அடுத்தவர் மீது எறியும் கல் அல்ல. நோயுற்ற அய்யூப் (அலை) அவர்களும் கிணற்றில் வீசப்பட்ட யூசுஃப் (அலை) அவர்களும் பாவிகளா?

அப்படியானால் ஏன்? இவ்வுலகம் கூலி கொடுக்கும் இடமல்ல, சோதனைக்களம் என்கிறது இறைமறை. முஃமினுக்கு முள் தைத்தாலும் அதற்காக அவரது பிழைகள் மன்னிக்கப்படும் என்கிறது நபிமொழி. ஆயினும் ஒவ்வொரு துன்பத்தின் ஹிக்மத்தும் நமக்குச் சொல்லப்படவில்லை. கஹ்ஃபு அத்தியாயத்தில், ஏழைகளின் படகில் ஓட்டையிடப்பட்டதைக் கண்ட மூஸா (அலை) அவர்களாலேயே பொறுக்க முடியவில்லை. நல்ல படகுகளைப் பறிக்கும் ஓர் அரசன் இருந்தான் என்பது பின்னரே அவர்களுக்கு உணர்த்தப்பட்டது. நம் கண்களுக்குத் தெரிவது பெரும்பாலும் ஓட்டை மட்டுமே.

சகோதரர்களே! விதி என்று கைகட்டி நிற்பதும் ஈமான் அல்ல. ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியபோது, உமர் (ரலி) அவர்கள் திரும்பினார்கள். "அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுகிறீரா?" எனக் கேட்கப்பட்டபோது, ஒரு விதியிலிருந்து அல்லாஹ்வின் மற்றொரு விதியை நோக்கியே செல்வதாக விடையளித்தார்கள்.

துன்பத்தின்போது அல்லாஹ் எங்கே என்று கேட்போருக்கு ஒரு ஹதீஸ் குத்ஸி வழிகாட்டுகிறது. நோயுற்ற அடியானை நலம் விசாரித்திருந்தால் அவனிடம் என்னைக் கண்டிருப்பாயே என்று மறுமையில் அல்லாஹ் வினவுவான். ஆழிப்பேரலை நாட்களில் பரங்கிப்பேட்டை ஜமாஅத்தினர் பக்கத்து மீனவக் கிராமத்து மக்களுக்கு உணவளித்தனர். யார் செய்த பாவம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, உலை வைத்தார்கள்.

அந்தத் தாயிடம் நான் விளக்கம் எதுவும் கூறவில்லை. மகனை மடியில் வைத்து அழுத நபியவர்களைப் பற்றி மட்டும் சொன்னேன். அந்தக் கண்ணீரை அவர்கள் ரஹ்மத் என்றே அழைத்தார்கள் என்றேன். "அப்படியானால் நான் அழலாமா, ஹஜ்ரத்?" என்றார். "அழுங்கள், அம்மா" என்றேன்.

துயருற்றோர்க்கு ஆறுதலாகும் நாவையும் உதவிடும் கரங்களையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.